கரையில் நிற்கும் மாலுமிகள்

சிறு விசைப்படகுப் பந்தயக் குழு ஒன்றின் வார இறுதியும் அது கற்றுத்தரும் கணக்கும்

2017-ஆம் ஆண்டு மார்ச் 3 முதல் 5 வரை, வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில், மும்பை மரைன் டிரைவின் வளைந்த கடற்சுவரே பார்வையாளர் மாடமாயிற்று. பி-1 எனப்படும் சர்வதேச விசைப்படகுப் பந்தயத்தின் இந்தியப் போட்டி அங்கே நடைபெற்றது. ஆண்டுதோறும் மும்பை மாரத்தானை நடத்திவரும் புரோகாம் நிறுவனமே அதற்கும் ஏற்பாட்டாளர். கார்ப் பந்தய வீரர் கௌரவ் கில், டக்கார் பாலைவனப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் ஆகியோரும் கடலில் இறங்கினர். ஏறத்தாழ 28 அடி நீளமும் 250 குதிரைத்திறனும் கொண்ட ஒவ்வொரு படகிலும் ஒருவர் ஓட்ட, மற்றவர் வழிகாட்டினார். அரபிக்கடலின் அலைகளின்மேல் அப்படகுகள் துள்ளிப் பறந்ததை மும்பைவாசிகள் பலரும் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

அத்தகைய படகொன்றை வாங்கி ஓட்டுவது நம்மில் எவருக்கும் எளிதன்று. ஆயினும் அதே பந்தயத்தை, அதே விதிகளின் சாயலில், கையால் தூக்கிச் செல்லக்கூடிய படகுகளைக் கொண்டு நடத்தும் மரபு ஒன்று உலகில் நெடுங்காலமாக உள்ளது. படகின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஓட்டுபவர் கரையில் நிற்பார்; அவர் கையில் வானொலிக் கருவி இருக்கும். கடலோடும் பந்தயப் படகுகளின் அமைப்பைப் பின்பற்றுவதால் இவ்வகைக்கு 'ஆஃப்ஷோர்' மாதிரிப்படகு என்று பெயர். தனி ஒருவரின் பொழுதுபோக்காகத் தோன்றும் இது, உண்மையில் ஒரு குழுவின் விளையாட்டு. மூன்று நான்கு பேர் தம் நேரத்தையும் பணத்தையும் ஒன்றாகப் போட்டு, ஒரு வார இறுதியில் அதன் பலனைக் காண்பது. அவ்வகையில் இது ஒரு சிறுதொழிலைப் பெரிதும் ஒத்திருக்கிறது. வணிகவியல் படித்து, வங்கிப் பணியில் ஆண்டுகள் பல கழித்த எனக்கு இவ்விளையாட்டின்பால் ஈர்ப்பு ஏற்பட்டதற்கு அதுவே காரணம்.

பொம்மையில் தொடங்கிய பொறியியல்

நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் தகரத்தால் செய்த சிறுபடகு விற்கப்படுவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். உள்ளே ஒரு சிறு திரியை ஏற்றி வைத்தால், அண்டா நீரில் 'டப் டப்' என்ற ஒலியுடன் அது தானே சுற்றிவரும். தகரக் கொதிகலனில் எழும் ஆவி குழாயிலுள்ள நீரை வெளியே தள்ளுகிறது. ஆவி குளிர்ந்தவுடன் நீர் மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. இத்தள்ளலும் இழுத்தலும் மாறிமாறி நிகழ்வதே அதன் எந்திரம். தாமஸ் பியோ என்பவர் இதற்கு 1891-இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். குழந்தையின் கைக்கு எட்டும் விலையில் வெப்பவியலைக் கற்பித்த கருவி இதுபோல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

படகைத் தொலைவிலிருந்து இயக்கும் வித்தையும் அதே காலத்தில் பிறந்ததுதான். நம் ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களின் நடுவில் கல்கத்தாவில் கம்பியில்லா மின்னலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு இரும்புப் படகை நீர்த்தொட்டியில் விட்டு, கம்பி எதுவுமின்றித் திருப்பியும் நிறுத்தியும் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. இன்று வானில் பறக்கும் டிரோன் வரை நீளும் தொலை இயக்கக் கருவிகளின் வரிசையில் முதலிடம் பெறுவது ஒரு மாதிரிப்படகுதான்.

லண்டன் விக்டோரியா பூங்காவின் மாதிரி நீராவிப்படகுக் கழகம் 1904-இல் தோன்றியது. பிரிட்டனின் மாதிரி விசைப்படகுச் சங்கம் 1924-இல் அமைந்தது. அன்றைய பந்தயங்களில் குளத்தின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதில் படகைக் கம்பியால் பிணைத்து வட்டமாக ஓடவிடுவர். வானொலிக் கருவிகள் சிறியனவாகவும் மலிவாகவும் ஆன பின்னரே, பல படகுகள் ஒரே நீரில் ஒன்றையொன்று முந்தி ஓடும் பந்தயம் இயன்றது. 1959-இல் தோன்றிய நாவிகா என்னும் உலக அமைப்பு இன்று அவற்றுக்கு விதி வகுக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முற்காலக் கருவிகளில் ஒவ்வொரு படகுக்கும் தனி அலைவரிசை தேவைப்பட்டது. இருவர் ஒரே அலைவரிசையில் கருவியை இயக்கிவிட்டால் இரு படகுகளும் கட்டுப்பாடு இழக்கும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தமக்குள் தாமே ஒதுங்கிக்கொள்வதால் அக்கவலை நீங்கிற்று. அவ்வலைவரிசையைக் குறைந்த திறனில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று 2005-இல் இந்திய அரசு விலக்கு அளித்தது. நம் வீட்டு வைஃபையும் அதே விலக்கின் பயனையே பெறுகிறது.

அலையைப் பிளக்கும் அடிப்பகுதி

தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு அமைதியான நீரில் வேகமாக ஓடும். அலை எழுந்தால் தட்டுத்தடுமாறும். கடலில் வேகம் வேண்டுமெனில் அடிப்பகுதி வேறாக அமைய வேண்டும். இதற்கு விடை கண்டவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் ஹண்ட். அணியம் முதல் பின்முனை வரை ஆங்கில எழுத்து 'வி'யைப் போல ஆழமாகக் கூர்ந்து, ஏறத்தாழ 24 பாகைச் சரிவுடன் இறங்கும் அடிப்பகுதியை அவர் வடித்தார். அவ்வடிவில் செய்த 'மோப்பி' என்னும் 30 அடி மரப்படகு, 1960-இல் மயாமியிலிருந்து நசாவு வரையிலான சுமார் 300 கிலோமீட்டர் பந்தயத்தில், கொந்தளித்த கடலில் வென்றது. அதன்பின் கடற்பந்தயப் படகுகளின் தோற்றமே மாறிவிட்டது. மறு ஆண்டு இங்கிலாந்தில் கௌஸ்–டார்க்கி பந்தயம் தொடங்கியது. இன்று மேசைமேல் வைத்துப் பார்க்கும் மாதிரிப்படகின் அடியிலும் ஹண்ட் வடித்த அந்தக் கூர்மையைக் காணலாம்.

விசைப்படகுப் பந்தயம் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது ஒரே ஒருமுறைதான்: 1908-இல், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நீர்ப்பரப்பில். மூன்று பிரிவுகளில் போட்டி நடந்தது. கடுங்காற்றும் அலையும் சூழ்ந்த அப்போட்டிகளில், மூன்று பிரிவுகளிலும் ஒவ்வொரு படகு மட்டுமே பந்தயத்தை முடித்தது. முடித்தவருக்குத் தங்கம், வேறு எவருக்கும் எதுவும் இல்லை. இவ்விளையாட்டின் முதல் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது: எல்லையைத் தொடும் படகுக்கே வேகம் பயன்படும்.

படகு சுருங்கும், அலை சுருங்காது

மாதிரிப்படகைக் கைப்பிடியளவுக் கடற்படகு என்று எண்ணினால் தவறாகும். படகைச் சுருக்கலாம், நீரைச் சுருக்க இயலாது. இதனை அளவிட்டுச் சொன்னவர் வில்லியம் ஃப்ரூட். 1870-களின் தொடக்கத்தில் அவர் டார்க்கியில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, மெழுகு மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். படகின் நீளம் குறைந்தால் அதற்கு ஈடான வேகம், நீளத்தின் வர்க்கமூல அளவிலேயே குறையும் என்பது அவர் கண்ட விதி. சென்னை ஐ.ஐ.டி.யின் பெருங்கடல் பொறியியல் துறையிலுள்ள இழுவைத் தொட்டியிலும் அவ்விதியின்படியே கப்பல் மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மரைன் டிரைவில் ஓடிய 28 அடிப் படகை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். பெரிய படகின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர் எனில், ஃப்ரூட் விதிப்படி மாதிரிக்கு ஈடான வேகம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். ஆனால் பந்தய மாதிரிகள் 60, 70 கிலோமீட்டர் வேகத்தை எளிதில் எட்டும். தன் அளவுக்கு அது பெரிய படகைவிட மிகக் கடுமையாகவே ஓடுகிறது என்பது இதன் பொருள். அலையும் அப்படியே. பெரிய படகு பொருட்படுத்தாத 30 சென்டிமீட்டர் அலை, எட்டில் ஒரு பங்கான மாதிரிக்கு 2.4 மீட்டர் உயரமுள்ள அலைக்குச் சமம். குளத்தில் மாலைக்காற்று எழுப்பும் சிற்றலைகூட மாதிரிப்படகுக்குப் புயற்கடல்தான். குழுவினர் வார இறுதி முழுவதும் வானத்தையும் நீரையும் மாறிமாறிப் பார்ப்பது இதனாலேயே.

வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை

ஐரோப்பியக் கழகங்களில் இப்பந்தயங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நிகழ்கின்றன. ஆயினும் வேலை வெள்ளி இரவே தொடங்கிவிடும். இழைக்கண்ணாடியால் வார்த்த உடலில் விரிசல் உண்டா, சுக்கான் தளர்ந்திருக்கிறதா, புரொப்பெல்லரின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, தண்டுக்குக் கிரீஸ் இட்டாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கருவியுள்ள அறையின் மூடியை நாடாவால் ஒட்டி நீர் புகாமல் காப்பது கடைசி வேலை. எழுதிவைத்த சரிபார்ப்புப் பட்டியல் இல்லாத குழு, மறுநாள் கரையில் ஒரு சிறு திருகாணிக்காகத் தவிக்கும்.

எந்திரப் படகுகள் 3.5, 7.5, 15 கன சென்டிமீட்டர் எனக் கொள்ளளவின்படி பிரிக்கப்படுகின்றன. சிறிய எந்திரங்களின் எரிபொருளில் மெத்தனாலும் எண்ணெயும் கலந்திருக்கும். அந்த எண்ணெய் பல ஆண்டுகளாக ஆமணக்கெண்ணெயாகவே இருந்துவந்தது. பிற்காலத்தில் செயற்கை எண்ணெய்களும் சேர்ந்தன. உலகிலேயே ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியா. அதிலும் குஜராத் முதலிடம். நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அதே எண்ணெய், நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுழற்சிகளில் ஓடும் எந்திரத்தைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது என்பது சுவையான செய்தி.

சனிக்கிழமை காலையில் படகுகளின் அளவும் ஒலியும் சோதிக்கப்படும். பின்னர்ப் பயிற்சியும் தகுதிப் பந்தயங்களும். நீண்ட நேரப் பிரிவில் தகுதிப் பந்தயம் 20 நிமிடம். இறுதிப் பந்தயம் 30 நிமிடம். மிதவைகள் ஆங்கில எழுத்து 'எம்' வடிவில் நிறுத்தப்படும். பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரே நேரத்தில் அவற்றைச் சுற்றிவரும். குறித்த நேரத்திற்குள் எவர் அதிகச் சுற்றுகளை முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. ஓட்டுநரின் கண்கள் தம் படகைவிட்டு அகலக் கூடாது. அவர் தோளருகே நிற்பவர் மற்றப் படகுகளைப் பார்த்து, "இடப்பக்கம் ஒன்று வருகிறது, வலப்புறம் ஒதுங்குங்கள்" என்று குரல் கொடுப்பார். மூன்றாமவர் எரிபொருள் நிரப்பும் நொடிக்காகக் குழாயுடன் காத்திருப்பார். நான்காமவர் நேரத்தையும் சுற்றையும் குறித்துக்கொள்வார். ஓட்டுநருக்குக் கிடைக்கும் கோப்பையில் அந்தக் குரலுக்கும் பங்குண்டு.

இம்மரபில் என்னை மிகவும் கவர்ந்த வழக்கம் ஒன்று உண்டு. பல கழகங்களில், தாம் ஓடாத பந்தயத்தின்போது ஒவ்வொரு போட்டியாளரும் பிறரின் சுற்றுகளை எண்ணித் தருவது கடமை. காலையில் எதிர்த்து ஓடப்போகிறவரின் கணக்கை இன்று மாலை நாம் நேர்மையாக எழுதித் தர வேண்டும். அவரும் நம் கணக்கை அவ்வாறே எழுதுவார். தணிக்கை என்பதன் அடிப்படை இதுவேயன்றி வேறென்ன?

வேகமும் கணக்கும்

இரு படகுகளை எண்ணிப்பாருங்கள். முதல் படகு ஒரு சுற்றை 20 நொடியில் முடிக்கிறது. இரண்டாம் படகு 24 நொடி எடுத்துக்கொள்கிறது. 20 நிமிடம் என்பது 1,200 நொடி. தடையின்றி ஓடினால் முதல் படகுக்கு 60 சுற்றுகள்; இரண்டாம் படகுக்கு 50. வித்தியாசம் பத்துச் சுற்றுகள். முதல் படகின் எந்திரம் ஒருமுறை அணைந்து, மீட்டுவந்து மீண்டும் கிளப்ப நான்கு நிமிடம் ஆயிற்று என்று கொள்வோம். 240 நொடி இழப்பு 12 சுற்றுகளுக்குச் சமம். கணக்கில் எஞ்சுவது 48. மெதுவான படகு இரண்டு சுற்று முன்னிலையில் நிற்கும்.

நுகர்வோர் கடனாயினும் முதலீடாயினும் வங்கி மேசையின் இப்புறம் அமர்ந்து நாங்கள் காண்பதும் இதையே. மிகுந்த வேகத்துக்கு ஆசைப்பட்டு எந்திரத்தின் கலவையை விளிம்புவரை மெலிதாக்கும் குழு, வெயில் ஏறியதும் எந்திரம் சூடேறி நிற்பதைக் காணும். சற்றே செழிப்பான கலவையில், சற்றே குறைந்த வேகத்தில் ஓடும் குழு முப்பதாவது நிமிடத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

நண்பர்கள் கூடித் தொடங்கும் எந்தப் பொழுதுபோக்கும் நீரில் கவிழ்வதைவிடப் பணத்தில் கவிழ்வதே அதிகம். படகு யாருடையது, மோதி உடைந்தால் செலவு யாருடையது, ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னாவது என்ற மூன்று கேள்விகளுக்கு முதல் நாளே விடை எழுதிவைக்காத குழு, முதல் விபத்திலேயே நட்பையும் இழக்கும். அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள் ஒரு மோட்டாருக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்வது வருந்தத்தக்கது, தவிர்க்கக் கூடியதும்கூட.

செலவை நான்கு தலைப்புகளில் பிரித்துக்கொள்ளுதல் நன்று. முதலாவது மூலதனச் செலவு: படகின் உடல், மோட்டார் அல்லது எந்திரம், வானொலிக் கருவி, மின்னேற்றி. இரண்டாவது நுகர்பொருள்: எரிபொருள், நாடா, கிரீஸ், பிசின். மூன்றாவது தேய்மானம்: மின்கலம், புரொப்பெல்லர், தண்டு. இவை உடையாவிட்டாலும் தேயும். எனவே வாங்கிய நாளிலிருந்தே அடுத்ததற்குப் பணம் ஒதுக்க வேண்டும். நான்காவது பயணமும் நுழைவுக் கட்டணமும். புதியவர்கள் முதல் தலைப்பை மட்டும் எண்ணி இறங்கி, மற்ற மூன்றில் மூச்சுத் திணறுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, நால்வர் மாதம் 500 ரூபாய் வீதம் போட்டால் மாதத்திற்கு 2,000. ஆண்டுக்கு 24,000 ரூபாய். அதில் கால் பங்கைப் பழுது நிதியாகத் தொடாமல் வைத்தால் ஆண்டு முடிவில் 6,000 ரூபாய் நிற்கும். படகு உடையும் நாளில் எவர் வீட்டு அரிசிப் பணத்திலும் கை வைக்க வேண்டியதில்லை. இத்தொகையை ஒருவரின் சொந்தக் கணக்கில் வைப்பதைவிடக் குழுவின் பெயரில் கணக்குத் தொடங்கி, இருவர் கையொப்பத்தில் இயக்குவது சிறந்தது. பதிவு பெறாத குழுவாயினும், உறுப்பினர் நிறைவேற்றிய தீர்மானம், நிரந்தரக் கணக்கு எண் அல்லது அதற்குரிய படிவம், கணக்கை இயக்குவோரின் அடையாள, முகவரிச் சான்றுகள் ஆகியவற்றோடு கிளையை அணுகினால் வழிமுறையைத் தெரிந்துகொள்ளலாம். பொழுதுபோக்குக்காகக் கடன் அட்டையில் வட்டி ஏறவிடுவது மட்டும் வேண்டா. படகு நிற்கும் நாளிலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

தாராவியில் என்ன இருக்கிறது?

இவ்விளையாட்டு செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் எழலாம். கடையில் வாங்கினால் அவ்வாறே. தாமே செய்யத் தொடங்கினால் நிலைமை வேறு. ஒரு மாதிரிப்படகுக்கு வேண்டிய கைத்தொழில்கள் எவை? அச்சு எடுத்து வார்த்தல், தகடு வெட்டி மடித்தல், பற்றவைத்தல், கடைசல், தோலிலும் துணியிலும் நேர்த்தியான தையல், வண்ணம் பூசுதல், பழைய பொருளைப் பிரித்து நல்லதை எடுத்தல். தாராவியின் சந்துகளில் இவை ஒவ்வொன்றிலும் தேர்ந்த கைகள் உள்ளன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் தொழிலில் கால் ஊன்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினியும் மின்னணுவியலும் பயில்கின்றனர். கும்பர்வாடாவில் களிமண்ணுக்கு உருவம் தருபவர்களுக்கு அச்சு என்றால் என்ன என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்த அளவிலேயே அது எவ்வகை என்று சொல்லிவிடுபவர்கள் இருக்கின்றனர்.

சற்றுத் தொலைவில் மாட்டுங்காவில், 1887-இல் தொடங்கப்பெற்ற வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. மின்னணு உதிரிப்பொருள்களுக்கு லாமிங்டன் சாலை உள்ளது. தாராவியின் கைத்திறனையும் மாட்டுங்காவின் பாடநூலறிவையும் செம்பூர்க் குடியிருப்புகளின் ஓய்வுபெற்ற பொறியாளர்களின் அனுபவத்தையும் ஒரே மேசையில் அமர்த்தினால், ஒரு மீட்டர் நீளப் படகு ஒன்றும் அரிய செயலாகாது.

தமிழ் மண்ணில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. கோவை குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் 'சீ சக்தி' என்னும் குழுவை அமைத்து, மொனாக்கோ படகுக் கழகம் ஆண்டுதோறும் ஜூலையில் நடத்தும் எரிசக்திப் படகுப் போட்டியில் இந்தியாவிலிருந்து பங்கேற்ற முதல் அணியாயினர். அது மனிதர் அமர்ந்து ஓட்டும் படகு; அப்பிரிவில் இரட்டை உடல்களை அமைப்பாளர்களே எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரியாகத் தருவர். ஓட்டுநர் அறையையும் உந்துவிசை அமைப்பையும் அணியினர் உருவாக்க வேண்டும். பயன்படுத்தும் ஆற்றலுக்கும் வரம்பு உண்டு. கடற்கரையே இல்லாத கோவையிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் படகு போயிற்று எனில், மாகிம் கழிமுகத்தின் ஓரத்தில் வாழும் இளைஞர்கள் தயங்க வேண்டியதில்லை.

நீரும் நெருப்பும்

நீரோடும் நெருப்போடும் விளையாடலாகாது என்பர் பெரியோர். இவ்விளையாட்டில் இரண்டுமே உள்ளன. எனவே சில விதிகளைப் பெற்றோரும் இளைஞரும் மனத்தில் இருத்த வேண்டும்.

படகு நடுநீரில் நின்றுவிட்டால் நீந்திச் சென்று எடுக்க ஒருபோதும் முயலக் கூடாது. இதுவே முதல் விதி. மற்றவை யாவும் இதற்குப் பின்னரே. படகின் விலை எதுவாயினும் அது ஓர் உயிருக்கு ஈடாகாது. உயிர்காப்பு அங்கி அணிந்த இருவர் அமர்ந்த மீட்புப் படகு இல்லாமல் கழகங்கள் பந்தயம் தொடங்குவதில்லை. நாமும் அவ்வாறே செய்ய வேண்டும்.

இடத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. மித்தி ஆற்றின் கழிவுநீர் உடலுக்கு ஆகாது. பவாய் ஏரியில் முதலைகள் வாழ்கின்றன. கடலில் ஓதமும் நீரோட்டமும் உண்டு. மழைக்காலத்து அரபிக்கடலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உரியோரின் எழுத்துமூல அனுமதி பெற்ற, அடைப்புள்ள, ஆழம் தெரிந்த நீர்நிலையே ஏற்றது. பார்வையாளர்கள் நீர்விளிம்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். கட்டுப்பாடிழந்த படகு கரையேறினால் அதன் புரொப்பெல்லர் கத்தியாகிவிடும்.

மெத்தனால் கொடிய நஞ்சு. வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தொடங்குவோர் மின்மோட்டார்ப் படகையே தேர்ந்தெடுத்தல் நலம். அதிலும் லித்தியம் மின்கலங்களுக்குத் தனி மரியாதை வேண்டும். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. உப்பிய, நசுங்கிய, நீர் புகுந்த மின்கலத்தை மீண்டும் மின்னேற்றக் கூடாது. ஆள் இல்லாத வீட்டிலோ உறங்கும் வேளையிலோ மின்னேற்றம் வேண்டா. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் மாடிமேல் மாடியாக மரப்பலகைத் தளங்களும் உள்ள பகுதியில் ஒரு மின்கலத்தின் தீ ஒரு வீட்டோடு நிற்காது.

விளையாட்டுக்கு அப்பால்

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரை கடந்தது. இடுப்பளவு நீரில் நின்றவர்களுக்கும் எதிர்க்கரையில் கயிறும் உணவும் வைத்திருந்தவர்களுக்கும் இடையே சில மீட்டர் வெள்ளமே இருந்தது. அதைக் கடக்க வழியில்லாமல் மக்கள் பட்ட பாட்டை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

அத்தகைய சில மீட்டர்களைக் கடப்பதற்காகவே அமெரிக்காவில் 'எமிலி' என்னும் தொலை இயக்க மீட்பு மிதவை உருவாக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர், எடை சுமார் 11 கிலோ, அளவில் பெரிய பந்தய மாதிரிப்படகை ஒத்தது. கரையில் நிற்பவர் அதைச் செலுத்த, நீரில் தத்தளிப்பவர்கள் அதைப் பற்றிக்கொள்ளலாம். பின்னால் கட்டிய கயிற்றால் அவர்களை இழுக்கலாம். 2016-இல் கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவுக்கருகே, அகதிகளை ஏற்றிவந்த படகுகளுக்கு உதவ அது பயன்பட்டது. அலைகளுக்கிடையே ஒரு சிறுபடகைத் தடுமாறாமல் செலுத்துவது, தோளருகே நிற்பவரின் குரலைக் கேட்டு ஒரு நொடியில் முடிவெடுப்பது, கருவியறைக்குள் நீர் புகாமல் காப்பது ஆகியவை வார இறுதிப் பந்தயத்தில் பயிலும் திறன்கள். வெள்ளம் வரும் நாளில் அவையே தேவைப்படும்.

மழைக்காலம் ஆண்டுதோறும் வரும். அதற்குள் நம் பகுதி இளைஞர் நால்வர் கூடி, ஒரு பழைய தகரத்தில் டப் டப் படகு ஒன்றைச் செய்து அண்டா நீரில் விட்டுப் பார்க்கட்டும். அது ஓடினால் அடுத்த படி மின்மோட்டார். அதன்பின் வானொலிக் கருவி. வீட்டுப் பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் வரவு, செலவு என இரண்டு கோடு போட்டுத் தருவது.